ஆறாம் பாகம்

பன்னிரண்டு பாகத்தில் இது ஆறாவது.
அட்டையில் கப்பல் பாதிதான் தெரிகிறது.
மீதி ஏழாம் பாகத்து அட்டையில் இருக்குமாம்.
யாரோ ஒரு பயணி
படகின் கழிப்பறை ஜன்னலில் விட்டுப்போனது.
உப்புக்காற்றில் ஊறிக் காய்ந்து
கருவாடாய் விறைத்த தாள்கள்.

நான் மகெல்லன் நீரிணையில்
வாகனப் படகின் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவன்.
இக்கரை புந்தா தெல்காதா, அக்கரை பாஹியா அசுல்.
போக இருபது நிமிடம், வர இருபது.
அக்கரை பச்சை என்ற பேச்சே இங்கில்லை;
இரண்டும் ஒரே பழுப்பு.

கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை.
'சாம்பல் நாரை' கப்பலில்
குளிரூட்டும் குழாய் வெடித்துவிடுகிறது.
பெயர்கூட வைக்காத ஒரு நிலவின் பக்கத்தில்
ஒரு வால்வுக்காகப்
பதினோரு வாரம் நிற்கிறார்கள்.
அவ்வளவுதான். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

போன பாகத்தில் மூன்று கிரகங்களை எரித்தவனாம் த்ரோஸ்க்.
இதில் காலில் சங்கிலியோடு
உருளைக்கிழங்கு சீவுகிறான்.
தோலோடு சதையும் போகிறதென்று
சமையல்காரி திட்டுகிறாள்.
கேப்டன் இல்வாராவுக்கு நாற்பது பக்கம் பல்வலி.
ஒரே ஒரு துப்பாக்கி வெடிக்கிறது,
அதுவும் துடைக்கும்போது.

எஞ்சின் அறை மென்காவைத்தான் எனக்குப் பிடித்தது.
கசிகிற மூட்டுக்குத்
தன் பூட்ஸின் நாக்கை வெட்டி கேஸ்கெட் செய்கிறாள்.
அது தாங்காது.
ஒரு ஆகஸ்டில் நானும் செய்து பார்த்திருக்கிறேன்.
எழுதியவருக்கும் தெரிந்திருக்கிறது:
இரண்டு பக்கம் தள்ளிக் கசிகிறது.
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு
அடுத்த பூட்ஸைக் கழற்றுகிறாள்.

செவ்வாய் இரவு காற்று ஏறியது.
துறையை மூடிவிட்டார்கள்.
லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கணைத்து நின்றன.
ஆட்டு லாரி எலாதியோ கீழே இறங்கி வந்தான்,
என் அடுப்பில் கை காட்டினான், புத்தகத்தைப் பார்த்தான்.
"அதுவா? சுமார். விட்டுத்தள்ளு.
ஏழில்தான் சூடு பிடிக்கும்.
முதல் பக்கத்திலேயே மென்கா செத்துவிடுவாள்."
சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தான்.

வெளியே அவன் ஆடுகள்
ஒன்றின் முதுகில் ஒன்று முகம் வைத்து நின்றன.

சுமார்.
எடையைச் சொன்னால் தோராயம்,
தரத்தைச் சொன்னால்
அடிக்க மனம் வராதவன் கொடுக்கிற அடி.

அவன் தூங்கப் போனதும்
நூற்று நாற்பதாம் பக்கத்துக்குத் திரும்பினேன்.
மென்கா வெறுங்காலோடு இருக்கிறாள்.
தரை குளிர்கிறது என்கிறாள்.
யாரோ காலுறை எறிகிறார்கள், ஒன்று மட்டும்.
இல்வாரா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
யாருக்கும் எந்த உத்தரவும் போடாமல் நடக்கிறாள்.
த்ரோஸ்க் ஒரே சுருளாகத்
தோல் சீவப் பழகிவிட்டான்,
அதைத் தூக்கிக் காட்ட ஆள் தேடுகிறான்.
ஒருவர்கூட சாகவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
ஒருவர்கூட.

விடிந்தால் புதன்.
பொன் கிடைத்தாலும் கிடைக்கும்,
இப்படி ஒரு புதன் கிடைக்காது:
எதுவும் கிளம்பாமல், எதுவும் வந்துசேராமல்,
ஒரு கெட்டில் வெந்நீரும்
வாசிக்க மீதியும்.

பத்து மணிக்குக் காற்று இறங்கியது.
எலாதியோ கண் கசக்கிக்கொண்டு
லாரியைப் படகில் ஏற்றினான்.
ஏழாம் பாகம் வீட்டில் இருக்கிறது, அடுத்த நடைக்குக் கொண்டுவருகிறேன் என்றான்.
அவசரமில்லை என்றேன்.
சங்கு ஊதியாயிற்று.

கதையில் வால்வு வந்துசேர இன்னும் பதினோரு பக்கம்.
கிழிந்த பயணச்சீட்டு ஒன்றைச் செருகி மூடினேன்.

கீழே இரண்டாம் எஞ்சினில் சொட்டுச் சத்தம்.
ஏணியில் இறங்கும்போது
என் பூட்ஸை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.